ஃபோர்மேன் கத்தவில்லை

படுக்கை விரிப்பு கோணலாகப் போய் இஸ்திரி ரோலரில் சிக்கிக்கொண்டது. அடுத்த கணமே சலவைக்கூடத்தில் இருந்த பதினெட்டுப் பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். இனி என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஃபோர்மேனின் குரல் வரும். நான்கு துவைக்கும் இயந்திரங்கள், மூன்று டிரையர்கள், நீராவிக் குழாய் என்று எல்லாவற்றின் இரைச்சலையும் தாண்டித் தெருமுனைவரை போய்வரும் குரல் அது.

ஃபோர்மேன் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார். மூக்கால் மூச்சை இழுத்து மனத்துக்குள் நான்கு எண்ணினார். முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் மார்புவரை உயர்த்தி, நிறைந்த பானையை இறக்கி வைப்பதுபோல் மெல்லக் கீழே கொண்டுவந்தார்.

"பரவாயில்லைப்பா. எடுத்துட்டு மறுபடி நேரா விடு. அவசரமில்லை," என்றார்.

ரோலர்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருடத்தில் அவரிடம் அவசரமில்லை என்று யாரும் சொன்னதில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கிடந்த அழுக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். துணி மடிக்கும் மேசையருகில் இருபத்தேழு வருடமாக நின்றுகொண்டிருக்கும் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறார் அக்கா," என்றார் ரோலர்காரர்.

"உன் ஒருத்தனைத் தூக்கறதுக்கு இவ்வளவு அன்பு தேவையில்லை. எல்லாரையும்தான் தூக்கப் போறார்," என்றாள் அக்கா.

உண்மையில் தூக்கப்படும் நிலையில் இருந்தவர் ஃபோர்மேன்தான். அது அவருக்கும் முதலாளியம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

அந்தச் சலவைக்கூடத்துக்கு வரும் துணியில் முக்கால்வாசி ஒரே ஒரு ஆஸ்பத்திரியுடையது. மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் தொலைபேசியில் முதலாளியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, அங்கே யாரையாவது போட்டு அடிக்கிறார்களா என்று கேட்டார். யாரையும் அடிக்கவில்லை. ஃபோர்மேன் ஒரு டிரையரோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

முதலாளியம்மா தன் அப்பாவிடமிருந்து நிர்வாகத்தை வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். ஃபோர்மேனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மாதக் கடைசியில் தலைமை நர்ஸ் நேரில் பார்க்க வருகிறார், அன்றைக்கு உங்கள் குரல் கேட் வரைக்கும் கேட்டால், மறுநாளிலிருந்து உங்கள் நாற்காலி பின்பக்கம் கிழிந்த துணி குடோனில் இருக்கும் என்றார். ஏழு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தவர் ஃபோர்மேன். வேறு கிளையிலிருந்து இங்கே ஃபோர்மேனாக வந்த நாள்தான் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய நாள். குடோனில் எலிகளைத் தவிர மேற்பார்வை செய்ய ஒன்றும் கிடையாது.

அதே வாரம் டாக்டர் வேறு அவருடைய கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் நூற்று எழுபது என்றார். மாத்திரை எழுதினார். மாத்திரையோடு உடம்பையும் மனசையும் சேர்த்துப் பழக்குகிற பயிற்சி ஏதாவது செய்தாக வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய மனைவி அன்று சாயங்காலமே விசாரித்துவிட்டு வந்தாள். மூன்று தெரு தள்ளி, தட்டச்சு நிலையத்துக்கு மேல்மாடியில் ஒரு வகுப்பு நடந்தது. தற்காப்புக் கலை, மூச்சுப் பயிற்சி, காலை ஆறு மணி.

மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உலர்ந்த தேகம். அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். வகுப்பில் ஒரே ஒரு விதி இருந்தது. வேலை, பதவி, வீட்டுக் கவலை எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது, செருப்போடு வெளியே விட்டுவிட வேண்டும். யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று மாஸ்டர் கேட்கமாட்டார், சொன்னாலும் கேட்டுக்கொள்ளமாட்டார்.

முதல் வாரம் ஃபோர்மேன் விழுந்துகொண்டே இருந்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் விழுந்தார். இரண்டு காலில் நிற்கச் சொன்னாலும், அவரில் பாதி எடைகூட இல்லாத ஒரு பல் டாக்டரம்மா வந்து மணிக்கட்டைத் தொட்டதும் விழுந்தார். அந்தம்மா ஒவ்வொரு தடவையும் குனிந்து வலிக்கிறதா என்று விசாரித்ததுதான் அதிகமாக வலித்தது.

மாஸ்டர் அவர் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "கோபம்கிறது தொண்டையில மாட்டிக்கிட்ட மூச்சு. வயித்துக்கு இறக்கிடுங்க. அங்க போனா அதுவே பலமாயிடும்."

ஃபோர்மேன் இறக்கப் பழகினார். சும்மா சொல்லக்கூடாது, பயிற்சி வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. படுத்ததும் தூக்கம் வந்தது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பல் டாக்டரம்மா மணிக்கட்டைத் தொட்டபோது அவர் விழவில்லை, அந்தம்மா விழுந்தாள். டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நூற்று முப்பத்தெட்டு என்றார், நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினார். வீட்டில் அவருடைய மனைவி, இத்தனை வருடமும் டிவியை எவ்வளவு சத்தமாக வைத்திருந்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். ஃபோர்மேனுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

பிரச்சினை சலவைக்கூடத்தில் ஆரம்பித்தது.

ஃபோர்மேன் கத்தவில்லை என்ற செய்தி முதல் நாளே பாய்லர் அறைவரை போயிற்று. பாய்லர்காரர் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு வாளியை வேண்டுமென்றே நடைபாதையில் கவிழ்த்தார். ஃபோர்மேன் வந்தார், மூச்சை இழுத்தார், தானே துடைப்பத்தை எடுத்துவந்து தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போனார். பாய்லர்காரர் அன்று சாயங்காலமே வேறு இரண்டு இடங்களுக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டார்.

கம்பெனியை மூடப் போகிறார்கள் என்றது ஒரு கட்சி. ஃபோர்மேனுக்குத் தீராத வியாதி என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு அக்கா தலைவி. மறுநாள் ஃபோர்மேனுடைய மேசைமேல் ஒரு பை நிறையப் பழம் இருந்தது. எதற்கு என்று அவர் கேட்டபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடுங்க சார், இருக்கிறவரைக்கும் நல்லா சாப்பிடுங்க என்றாள்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஃபோர்மேன் நினைத்தார். ஒவ்வொருவராகத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, உட்காரவைத்து, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று கனிவாகச் சொன்னார். ஏழு வருடத்தில் அந்த அறைக்குள் யாரும் உட்கார்ந்ததில்லை. பேயறைந்த முகத்தோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எட்டாவது ஆள் அழுதுகொண்டே, தப்பு எதுவாக இருந்தாலும் மன்னித்துவிடுங்கள் என்றார். அத்தோடு அந்த முயற்சியைக் கைவிட்டார்.

ஆனால் பயம்கூடப் பெரிய விஷயமில்லை. வேலையே நின்றுபோனதுதான் பெரிய விஷயம்.

அந்தக் கூடத்தில் ஒரு கடிகாரம் இருந்தது, யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. காலை எட்டரைக்கு ஃபோர்மேன் வாசலில் நின்று அழுக்குத் துணி பிரிப்பவர்களைத் திட்டுவார். அது காதில் விழுந்ததும் பாய்லர்காரர் நீராவியைத் திறப்பார். ஒன்பதுக்கு டிரையர் பக்கம் போய்த் திட்டுவார், ரோலர்காரர் ரோலரைச் சூடாக்குவார். ஒன்பதேமுக்காலுக்குப் பின்கதவில் நின்று வண்டி டிரைவரைத் திட்டுவார், அக்கா மூட்டை கட்ட ஆரம்பிப்பாள். திட்டில் என்ன சொன்னார் என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதுதான் வேண்டியிருந்தது. இப்படித்தான் வேலை ஓடுகிறது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது, ஃபோர்மேனுக்கும் தெரியாது. குரல் நின்றபிறகுதான் ஈரத் துணி ரோலருக்குப் போயிற்று, காய்ந்த துணி மறுபடி துவைக்கப் போயிற்று, வண்டி காலியாகப் புறப்பட்டுப் போயிற்று.

ஃபோர்மேன் ஒரு மணி வாங்கி மாட்டினார். அந்த இரைச்சலில் மணியை அடித்தவருக்கே அது கேட்கவில்லை. கரும்பலகையில் பெரிய எழுத்தில் நேரங்களை எழுதி வைத்தார். துணியிலிருந்து தலையை நிமிர்த்திப் பழக்கமே இல்லாதவர்கள் கரும்பலகையை எங்கே பார்ப்பது. கடைசியில், தனக்குப் பலித்தது இவர்களுக்கும் பலிக்கும் என்று ஒரு யோசனை வந்தது. தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கால்மணி நேரம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

அது அவர்களுக்கும் நன்றாகவே பலித்தது. ரோலர்காரரின் முதுகுவலி குறைந்தது. அக்காவுக்குக் கை நடுக்கம் நின்றது. பதினெட்டுப் பேரும் எதைப் பற்றியும் பதறாதவர்களாக ஆனார்கள். துணி மலைபோல் குவிந்தது, அந்த மலையை அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாய்லர்காரர் கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டார். பாய்லர் விசில் அடித்தபோது அவர் முகத்தில் இருந்த புன்னகையைப் பார்த்து ஃபோர்மேனுக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் கொடுமை.

இந்த அழகில்தான் அவர் இன்னொரு காரியம் செய்தார். மாதக் கடைசியில் வகுப்பில் இடுப்புப் பட்டை வாங்குவதற்கான தேர்வு இருந்தது. வெளியூரிலிருந்து பெரிய நிபுணர் ஒருவர் தேர்வு பார்க்க வருகிறார், எல்லாருடைய சீருடையும் பால்போல் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் மெல்லிய குரலில் கவலைப்பட்டார். ஃபோர்மேன் உருகிப்போனார். தன்னுடையது நீங்கலாக, மாஸ்டருடையதையும் சேர்த்து இருபத்திரண்டு சீருடைகளையும் தான் வெளுத்துத் தருவதாகச் சொன்னார். எங்கே வெளுப்பது என்று மாஸ்டர் கேட்கவில்லை, செருப்போடு விட்டுவந்த விஷயமாயிற்றே. தலை குனிந்து வணங்கி மூட்டையைக் கொடுத்தார்.

தேர்வு நாளும் தலைமை நர்ஸ் வரும் நாளும் ஒன்றாக அமைந்தன. ஃபோர்மேன் தேர்வுக்குப் போக முடியாது. அதிகாலையிலேயே மூட்டை மேல்மாடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வண்டி டிரைவரிடம் சாந்தமாகச் சொல்லியிருந்தார். சாந்தமாகச் சொன்னதால் எந்த மூட்டை என்பது டிரைவரின் மனதில் பதியவில்லை.

தலைமை நர்ஸ் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. முதலாளியம்மா அவசரமாக அவரை உள்ளே அழைத்துவந்தார். இருபுறமும் துணி மலைகள். நடுவில் பதினெட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கி நின்றிருந்தார்கள்.

தலைமை நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே தடித்த துணியில், குறுக்கே மடித்துக் கட்டும் மேல்சட்டை ஒன்று இருந்தது. அறுவை சிகிச்சை அறைத் துணிகளோடு சேர்ந்து கொதித்து, மேலிருந்து கீழ்வரை பச்சை நிறமாகியிருந்தது.

"இந்த மாதிரி இருபத்திரண்டு வந்திருக்கு," என்றார் அவர். "இடுப்புக்கு ஒரு பட்டையோட. எங்க பெரிய சர்ஜன் ஒண்ணைப் போட்டுக்கிட்டார். ரொம்ப சௌகரியமா இருக்குன்னு கழட்ட மாட்டேங்கறார். முந்தாநாள் நாங்க வெளுக்க அனுப்பின நோயாளி அங்கி இருபத்திரண்டு, அது எங்க?"

ஃபோர்மேனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சீருடை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்றால் நோயாளி அங்கி எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. முன்னால் மூடி, பின்னால் முழுக்கத் திறந்து, கழுத்தில் மட்டும் ஒரு நாடாவோடு இருக்கிற அங்கி அது. தொண்டைவரை ஏதோ வந்தது. நான்கு எண்ணினார். எட்டு எண்ணினார். வயிற்றுக்கு இறக்கினார். முதலாளியம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுத் தர்றேம்மா," என்றார் ஃபோர்மேன். கேட் வரைக்கும் அல்ல, பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்டிருக்காது.

அந்த நேரத்தில் பின்கதவு படீரென்று திறந்தது. மாஸ்டர் வந்தார்.

நீல நிற நோயாளி அங்கி அணிந்திருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு மேசை விரிப்பைக் கட்டியிருந்தார். ஒரு கையில் மூட்டையில் இருந்த சலவைக்கூடத்தின் முகவரிச் சீட்டு, இன்னொரு கை முதுகுப்பக்கம் அங்கியை இழுத்துப் பிடித்திருந்தது. நடந்தது இதுதான்: வெறும் அங்கிதான் வந்திருக்கிறது என்று தெரிந்தபோதும் மாஸ்டர் பதறவில்லை. மனசுதான் சீருடை என்று சொல்லி இருபத்தோரு பேரையும் அதையே அணியச் சொல்லித் தானும் அணிந்துகொண்டார். வெளியூர் நிபுணர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். முன்வாசலைப் பார்த்து நின்ற இருபத்திரண்டு பேரும் காலடிச் சத்தம் கேட்டு, அவர் முன்னால்தான் வருகிறார் என்று எண்ணி, ஒரே நேரத்தில் இடுப்பை வளைத்து ஆழமாக வணங்கினார்கள். நிபுணர் அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

"மாஸ்டர், மூச்சை," என்று ஃபோர்மேன் தொடங்கினார்.

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்தார். அணைந்து கிடந்த ரோலரை, திறந்து கிடந்த டிரையரை, துணி மலைகளை, கண்ணை மூடி நின்ற பதினெட்டுப் பேரைப் பார்த்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார்.

அந்த மாதிரிக் குரலை ஃபோர்மேன் தன் வாயிலிருந்துகூடக் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தலைமை நர்ஸ் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டார். எந்த மனிதர் பேசுவதைக் கேட்க ஃபோர்மேன் ஒரு மாதமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ, அந்த மனிதர் வாசலில் போய் நின்று அழுக்குத் துணி பிரிப்பவர்களைப் பிடிபிடியென்று பிடித்தார். உள்ளே நீராவி சீறிக்கொண்டு திறந்தது. டிரையர் பக்கம் போனார், மூன்றாவது டிரையரின் கதவுக்குக் கீழே இடது ஓரத்தில் ஒரு உதை விட்டார். ஏழு வருடமாகச் சரியாக மூடாத கதவு மூடிக்கொண்டது. ரோலர்காரர் ஓடிப்போய் ரோலரைச் சூடாக்கினார். மாஸ்டர் பின்கதவுக்குப் போய் டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்தார், அக்கா சர்ரென்று முதல் மூட்டையைக் கட்டினாள். ஒரு மாதமாகக் குவிந்த மலை கண்ணெதிரே கரைய ஆரம்பித்தது. துணியிலிருந்து ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. எல்லாருடைய முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

முதலாளியம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தலைமை நர்ஸ் தன் கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது கேட் வரைக்கும் கேட்டிருக்குமே," என்றார் முதலாளியம்மா, யாரிடம் என்றில்லாமல்.

"கேக்கட்டும். வேலை நடக்குதே. இவர் எப்ப சேர்ந்தார்?" என்றார் தலைமை நர்ஸ்.

ஃபோர்மேனுக்கு நெஞ்சு படபடத்தது. நூற்று முப்பத்தெட்டு எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. கத்தினால் நாற்காலி போய்விடும் என்று ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இப்போது கத்தாததால் போகப் போகிறது, அதுவும் கத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரிடமே. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று அவருடைய மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. வாசல், டிரையர், பின்கதவு. ஒரு மூலை மாறவில்லை, ஒரு மூலை விட்டுப்போகவில்லை. மாஸ்டர் இந்தக் கூடத்துக்குள் கால் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மெல்ல நகர்ந்து மடிப்பு மேசைக்குப் போனார். அக்காவின் கை நிற்காமல் மடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த டிரையர் கதவை எங்க உதைக்கணும்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா ஒரு விரிப்பை உதறி நான்காக மடித்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இங்க ஃபோர்மேனா இருந்தவர்தானே சார் இவர், கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு ஒரு மாஸ்டர்கிட்டப் போய்ச் சேர்ந்தார், அந்த மாஸ்டர் இவருக்கு முன்னாடி இங்க ஃபோர்மேனா இருந்தவர்."